விலைக்கு மிஞ்சிய தரம்

குடும்ப அனுமதிப் படிவத்தின் ஏழாம் பக்கத்தில், அடிக்கோடியில், எறும்பு ஊர்ந்த மாதிரியான எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது. 'விண்ணப்பதாரர் தங்கியிருக்கும் அறையின் நான்கு படங்களை இணைக்கவும். கைப்பேசியில் எடுத்த படங்கள் ஏற்கப்பட மாட்டா. கைப்பேசிகள் கேட்காமலே அழகுபடுத்தும் இயல்புடையவை. கேமராவில் எடுத்த படங்களே வேண்டும். அந்தக் கேமரா தரமதிப்பு வாரியத்தின் சான்று பெற்றதாக இருக்க வேண்டும். படங்கள் சான்று பெற்ற தேதிக்குப் பின் எடுக்கப்பட்டிருக்க வேண்டும்.'

புதுசு இதை மூன்று தரம் படித்தான். முதல் தரம் புரியவில்லை. இரண்டாம் தரம் புரிந்தது. மூன்றாம் தரம், புரியாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

புதுசு என்பது சலவைக்கூடத்தில் அவனுக்கு வைத்த பெயர். வேலைக்கு வந்து மூன்று வருஷம் ஆகிவிட்டது. அவனுக்குப் பிறகு ஒன்பது பேர் சேர்ந்து, அதில் நாலு பேர் சொல்லாமல் கொள்ளாமல் ஓடியும் போய்விட்டார்கள். ஆனாலும் பெயர் மட்டும் பழசாகவில்லை. ஓட்டல்களிலிருந்து வண்டி வண்டியாக வந்து இறங்கும் படுக்கை விரிப்புகளைத் துவைத்து எடுத்ததும் மடித்து அடுக்குவது அவன் வேலை. நாலு மூலையும் நூல் பிசகாமல் சேர வேண்டும். சேர்ந்ததா என்று பார்க்க ஒரு மேற்பார்வையாளர், அவர் பார்த்தாரா என்று பார்க்க இன்னொருவர். அதனால் விதி, சரிபார்ப்பு, முத்திரை இதெல்லாம் தனக்கு அத்துப்படி என்றுதான் அவன் இத்தனை நாளும் நினைத்திருந்தான்.

மனைவியையும் மகளையும் இங்கே வரவழைக்க விண்ணப்பிக்கும் கடைசித் தேதிக்கு இன்னும் பதினாறு நாள் இருந்தது. அதைத் தவறவிட்டால் அடுத்த வாய்ப்பு இரண்டு வருஷம் கழித்துத்தான். மகள் பிறந்து ஐம்பது நாளில் விமானம் ஏறியவன் அவன். அவளைப் பொறுத்தவரை அப்பா என்பது போனுக்குள் இருக்கும் ஒரு தலை. ஒரு நாள் பேசிக்கொண்டிருக்கும்போதே சார்ஜ் தீர்ந்து போன் அணைந்துவிட்டது. 'அப்பா தூங்கிட்டாங்க' என்று சொல்லி, அதைத் தலையணையில் வைத்துப் போர்வை போர்த்திவிட்டாளாம். மனைவி இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

இதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. வந்த புதிதில், 'ரூம் எப்படிங்க இருக்கு?' என்று மனைவி கேட்டபோது, 'பெருசுதான், ஹால் மாதிரி' என்று சொல்லிவிட்டான். ஏன் சொன்னான் என்றால், அன்றைக்கு அவள் அழுதுகொண்டிருந்தாள். அழுகிறவளிடம், கட்டில் இடிப்பதால் கதவு முக்கால்வாசிதான் திறக்கும் என்றா சொல்ல முடியும்?

கடைவீதியில் மின்சாதனக் கடை வைத்திருந்தவர், கண்ணாடி அலமாரியின் கடைசித் தட்டிலிருந்து சோப்புப் பெட்டி அளவில் ஒரு கேமராவை எடுத்து வைத்தார். வெள்ளி நிறம். கம்பெனிப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு மட்டும் இருந்தது. இருப்பதிலேயே விலை குறைந்தது அதுதான். அதற்கே அவனுடைய மூன்று நாள் சம்பளம் போய்விட்டது.

"படம் நல்லா விழுமாண்ணே?"

"எதுக்கு நேரா காட்டுறியோ அது விழும்," என்றார் கடைக்காரர். "அது நல்லா இருந்தா படமும் நல்லா இருக்கும்."

கேமராவைப் பற்றி அந்த நகரத்தில் யாராவது சொன்ன ஒரே சரியான மதிப்பீடு அதுதான் என்பது புதுசுக்கு அப்போது தெரியவில்லை.

*

தரமதிப்பு வாரியம் ஏழு மாடிக் கட்டடம். வாசலில் இருந்த காவலாளி டோக்கன் கொடுத்துப் பெட்டிப் பிரிவுக்கு அனுப்பினார். அங்கே இருந்தவர் கழுத்தில் அளவு நாடா தொங்கியது. புதுசு கேமராவை எடுத்து நீட்டியதும், அவர் கூச்சப்படுகிற மாதிரி கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

"அதை உள்ள வைங்க தம்பி, உள்ள வைங்க. முதல்ல பெட்டி."

பெட்டியைச் சுற்றிச் சுற்றி அளந்தார். மூலைகளைக் கட்டைவிரலால் அழுத்தினார். உள்ளே இருந்த தெர்மாக்கோலை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார்.

"சார், கேமராவைப் பாக்க மாட்டீங்களா?"

"உள்ள இருக்கறதை எவன் வேணாலும் மதிப்பு போடலாம் தம்பி. வெளிய இருக்கறதை மதிப்பு போடத்தான் படிப்பு வேணும். நான் இதுக்குன்னே ரெண்டு பட்டம் வாங்கியிருக்கேன்." அவர் ஒரு தாளில் எண்பத்தொன்று என்று எழுதி வட்டம் போட்டார். "அருமையான பெட்டி. இது மட்டும் வெறும் பெட்டியா வந்திருந்தா இன்னிக்கே சான்று குடுத்து அனுப்பியிருப்பேன். என்ன பண்றது, உள்ள கேமரா இருக்குதே."

அன்றைய பொழுது அதோடு முடிந்தது. இரண்டு நாள் கழித்து ஒலிப் பிரிவு. அங்கே இருந்த அதிகாரி காதில் பெரிய ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி, பொத்தானை இருபது தரம் அழுத்தச் சொல்லிக் கேட்டார். படம் எதுவும் வேண்டாம், சத்தம் போதும் என்றார். கேட்டு முடித்ததும் அவர் முகம் வாடிவிட்டது.

"வசதியான கேமரா 'க்ளிக்'னு சொல்லும். அதுல ஒரு நிமிர்வு இருக்கும். இது 'க்ளிக்குங்க'ன்னு சொல்லுது."

"பணிவா இருக்கறது நல்லதுதானே சார்?"

"ஆளுக்கு நல்லது. பொருளுக்கு இல்ல."

மூன்றாம் முறை அரைநாள் விடுப்பு கேட்டபோது, சலவைக்கூட மேற்பார்வையாளர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "உன் கேமராவுக்கு அப்படி என்னடா சீக்கு? டெஸ்ட் மேல டெஸ்ட்டா எடுக்கறாங்க?" என்றார். மற்றவர்கள் விரிப்பை உதறுவதுபோல உடம்பை உதறிச் சிரித்தார்கள்.

அந்த மூன்றாம் முறைதான் விலைப் பிரிவு. அங்கே இருந்த அம்மாளை வாரியம் முழுவதும் விலையம்மா என்றே சொல்லும். மேசையில் கண்ணாடிக் குண்டு வைத்து அழுத்திய தாள்கள், ஓரம் பிசகாமல் அடுக்கியிருந்தன. அவர் கேமராவைத் தொடவில்லை. ரசீதைத்தான் வாங்கிப் பார்த்தார். பார்த்தவுடனேயே ஒரு பெருமூச்சு.

"நாங்க முதல்ல விலையைப் பாப்போம். விலை தெரிஞ்சுட்டா தரம் தானா தெரிஞ்சிடும். உங்க கேமரா கடைசித் தரம்."

"படம் எடுத்துப் பாத்துட்டுச் சொல்லலாமே மேடம்?"

"படம் எடுத்துப் பாத்தா மனசு சாயும்," என்றார் விலையம்மா. "நல்லா இருக்கேன்னு தோணும். அப்படித் தோணிட்டா விலை தப்புன்னு ஆயிடும். விலை தப்புன்னா கடைவீதியே தப்பு. ஒரு சோப்புப் பெட்டிக்காக நான் கடைவீதியையே பகைச்சுக்க முடியுமா? கடைசித் தரமா இருந்தாலும் பரவாயில்ல, ஒப்பீட்டு அறைல தேறிட்டா சான்று கெடைக்கும். போங்க."

*

"ஏங்க, ரூமை போட்டோ எடுத்தாச்சா?" என்றாள் மனைவி, மறுநாள் காலையில்.

"இன்னும் இல்ல. கேமரா ஆபீஸ்ல இருக்கு."

"கேமரா எதுக்குங்க ஆபீசுக்குப் போகுது?"

"தரம் பாக்கறாங்க. பெட்டிய அளந்தாங்க, சத்தம் கேட்டாங்க, விலை விசாரிச்சாங்க. இனிமே முகம் பாக்கணுமாம்."

"உங்களை எனக்குக் கட்டி வைக்கறப்போகூட எங்க வீட்ல இவ்வளவு பாக்கலையே!" என்று சிரித்தாள். பிறகு, "படம் எடுத்தா எனக்கும் ஒண்ணு அனுப்புங்க. அம்மா கேட்டுக் கேட்டுத் தொளைக்கறாங்க. ஹால்னு சொன்னீங்கல்ல, ஜன்னல் எத்தனை?"

"ஜன்னல்... இருக்கு."

"எத்தனைன்னு கேட்டா இருக்குங்கறீங்க."

அதற்குள் மகள் போனைப் பிடுங்கிக்கொண்டாள். திரையில் அவளுடைய நெற்றி மட்டும் தெரிந்தது. "அப்பா, வெளிய வா," என்றாள். போனைக் கவிழ்த்து உலுக்கும் சத்தம் கேட்டது. "வா, வெளிய வா."

கடைசித் தேதிக்கு அப்போது ஒன்பது நாள் இருந்தது.

*

ஒப்பீட்டு அறை ஐந்தாம் மாடியில். உள்ளே நுழைந்ததும் எதிர்ச்சுவரில் பெரிய சட்டம் போட்ட ஒரு படம். முப்பத்தைந்து வயசு இருக்கும் ஒரு மனிதர். கருகருவென்று முடி, இடது வகிடு, சாம்பல் நிறச் சட்டை, சிரிப்பும் இல்லாத சோகமும் இல்லாத முகம். படத்துக்கு நேர் கீழே ஒரு ஸ்டூல். அதில் அதே சாம்பல் நிறச் சட்டையில், அதே இடது வகிட்டோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். வகிடு இருந்ததே தவிர, வகிடெடுக்க முடி அதிகம் இல்லை. கண்ணுக்குக் கீழே இரண்டு பைகள். கன்னம் சரிந்து தாடையோடு சேர்ந்திருந்தது.

அவர்தான் வாரியத்தின் மாதிரி முகம். வாரியம் தொடங்கிய அன்று அவரை எடுத்த படம்தான் மேலே தொங்குவது. எந்தக் கேமரா வந்தாலும் அதில் அவரைப் படம் எடுப்பார்கள். அந்தப் படம் சுவரில் இருக்கும் படத்தோடு ஒத்துப்போனால் கேமரா தேறியது. இல்லாவிட்டால் இல்லை. இருபத்திரண்டு வருஷமாக இதுதான் முறை.

பரிசோதகர் அம்மாள் புதுசின் கேமராவை ஸ்டாண்டில் பொருத்தி ஒரே ஒரு படம் எடுத்தார். கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"கூட்டிக் காட்டுது."

"எதை மேடம்?"

"வயசை. ஆளுக்கு இருபத்திரண்டு வயசு கூட்டுது. முடியைக் குறைக்குது. கண்ணுக்குக் கீழ பை வைக்குது. கன்னத்தை இறக்குது. இவ்வளவு கோளாறு ஒரே கேமராவுல நான் பாத்ததில்ல."

புதுசு கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தான். ஸ்டூலைப் பார்த்தான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"மேடம், சாருக்கு நிஜமாவே..."

"நிஜமாவே என்ன?"

"வயசாகியிருக்கே."

மாதிரி முகம் அசையவில்லை; அசையாமல் இருப்பதுதான் அவர் உத்தியோகம்.

"மாதிரிக்கு வயசாகாது," என்றார் பரிசோதகர், ஒவ்வொரு சொல்லாக. "விதி ஒன்பது. நாளைக்கே ஒரு தராசுப் படிக்கல்லைப் பாத்து, நீ இளைச்சுப் போயிட்டேன்னு சொல்லுவீங்களா? இவரு படிக்கல்லு. எதுல வித்தியாசம் வந்தாலும் அது கேமராவோட கோளாறு."

"அப்போ மத்த கேமராவுல எல்லாம்?"

பரிசோதகர், போன வாரம் தேறிய ஒரு விலையுயர்ந்த கேமராவின் படத்தைத் திறந்து காட்டினார். அதில் மாதிரி முகத்துக்குச் சுருக்கமே இல்லை. உரித்த முட்டை மாதிரி பளபளவென்று இருந்தார். கண்ணுக்குக் கீழே இருந்த பைகளைக் கேமராவே இறக்கி வைத்திருந்தது.

"பாத்தீங்களா? இதுக்குப் பேருதான் தரம்."

நிராகரிப்புச் சீட்டை வாங்கிக்கொண்டு புதுசு படிக்கட்டில் வந்து உட்கார்ந்துவிட்டான். இன்னொரு கேமரா வாங்க வேண்டுமானால் முப்பது நாள் சம்பளம். பெட்டி, ஒலி, விலை என்று மறுபடி ஒரு சுற்று. நாள் எங்கே இருக்கிறது?

மாதிரி முகம் காகிதக் கோப்பையில் தேநீரோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அவருக்குத் தேநீர் இடைவேளையாம்.

"நீ சொன்னது தப்பு தம்பி," என்றார் முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல். "உண்மைதான். ஆனா தப்பு."

"மன்னிச்சிடுங்க சார். வாய் தவறி..."

"எனக்கு ஒரு தடவை பல்வலி வந்துச்சு. கன்னம் வீங்கிடுச்சு. லீவு கேட்டேன். மாதிரிக்கு வீங்காதுன்னுட்டாங்க. அந்த வாரம் பதினோரு கேமரா ஃபெயில். ஒரு கம்பெனிய இழுத்து மூடிட்டாங்க. பாவம், அவங்க கேமரா வீக்கத்தைச் சரியா காட்டியிருந்துச்சு." ஒரு வாய் தேநீர் குடித்தார். "சிரிக்கக் கூடாது, சிரிச்சா கோடு விழும். அழக் கூடாது. வெயில்ல நிக்கக் கூடாது. பழகிப் பழகி இப்போ வீட்லயும் வர மாட்டேங்குது. என் பொண்ணு கல்யாண போட்டோ எல்லாத்துலயும் நான் மட்டும் அடையாள அட்டை மாதிரி நிக்கறேன். சம்மந்தி வீட்ல, இந்தச் சம்பந்தத்துல எனக்கு இஷ்டமில்லையோன்னு இன்னிக்கு வரைக்கும் சந்தேகம்."

மாதிரி முகம் அவன் கையில் இருந்த கேமராவைப் பார்த்தார்.

"அந்தப் படத்தை எனக்குக் கொஞ்சம் காட்டேன்."

"நீங்க பாத்ததில்லையா சார்?"

"மாதிரி தன் படத்தைப் பாக்கக் கூடாது. பாத்தா அதுக்கேத்த மாதிரி மூஞ்சிய வச்சுக்குவேனாம்."

புதுசு கேமராவை எடுத்துச் சின்னத் திரையில் படத்தைக் கொண்டுவந்து காட்டினான். அவர் கோப்பையைப் படியில் வைத்துவிட்டு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். தேநீர் ஆறுகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தினம் சவரம் பண்றப்போ கண்ணாடில பாக்கறேன். அது நம்ம பக்கமாப் பேசும். இது யாரு பக்கமும் பேசலையே." கேமராவைத் திருப்பிக் கொடுத்தார். "நல்ல கேமராப்பா. மேல்முறையீடு போடு. தலைவர் முன்னாடி விசாரணைக்கு என்னையும் கூப்பிடுவாங்க. நான் பேசக் கூடாது. ஆனா உக்காரலாம். நான் உக்காந்தா போதும்."

*

விசாரணைக்கு நாள் கிடைத்தது கடைசித் தேதிக்கு இரண்டு நாள் முன்னால். ஏழாம் மாடியில் தலைவர் அறை. அவன் தங்கியிருந்த அறையை அந்த மேசை மேல் வைத்தாலும் பேனா வைக்க இடம் மிச்சம் இருக்கும். தலைவரின் வலப்பக்கம் விலையம்மா, இடப்பக்கம் பரிசோதகர், நடுவில் ஸ்டூல் போட்டு மாதிரி முகம்.

தலைவர் கேமராத் திரையைப் பார்த்தார். ஆளைப் பார்த்தார். எழுந்து போய், படத்தை ஆளின் காதோரமாகப் பிடித்து இரண்டையும் பார்த்தார். திரும்பி வந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்தார்.

"இந்தப் படத்துல ஒரு தப்பும் இல்ல."

புதுசுக்கு அப்படியே அவர் காலைத் தொட்டுக் கும்பிட வேண்டும் போலிருந்தது.

"அதுதான் இங்க தப்பு," என்றார் தலைவர்.

"தம்பி, நீங்க வெளிய இருந்து பாக்கறீங்க. உங்களுக்கு இது ஒரு ஆளு, ஒரு கேமரா. எங்களுக்கு இது இருபத்திரண்டு வருஷம். இந்தக் கேமரா சரின்னு நான் கையெழுத்துப் போட்டா, இதுவரைக்கும் தேறின கேமரா எல்லாம் பொய் சொல்லுதுன்னு ஆகும். பொய் சொல்றது பிரச்சினை இல்ல. பொய் சொல்லுதுன்னு எழுத்துல வந்துடும், அதுதான் பிரச்சினை. சரி, இது தப்புன்னு கையெழுத்துப் போடலாமா? போட்டா நீங்க வெளிய போய் இந்தப் படத்தையும் இந்த ஆளையும் பக்கத்துல பக்கத்துல வச்சு நாலு பேர்கிட்ட காட்டுவீங்க. நாலு பேருக்கும் கண்ணு இருக்கு. அது இன்னும் வாரியத்தோட கட்டுப்பாட்டுக்கு வரல."

"சார்," புதுசு ஸ்டூல் பக்கம் கையைக் காட்டினான். "சாரை வச்சுப் புதுசா ஒரு படம் எடுத்துச் சுவத்துல மாட்டிட்டா எல்லாம் சரியாயிடுமே?"

"தாராளமா எடுக்கலாம். ஆனா அதை எடுக்கச் சான்று பெற்ற கேமரா வேணும். சான்று பெற்ற கேமரா எதுல எடுத்தாலும் அவர் பழைய மாதிரிதான் விழுவார். எங்க முறை அவ்வளவு துல்லியம்."

மாதிரி முகம் உட்கார்ந்திருந்தார். அவர் சொன்னபடி உட்கார்ந்ததே போதுமாக இருந்தது. தலைவரால் அவர் பக்கம் பார்க்க முடியவில்லை.

விலையம்மா தொண்டையைச் செருமினார். "ஐயா, விதி முப்பத்தொண்ணு இருக்குதே. விலைக்கு மிஞ்சிய தரம்."

"சொல்லுங்கம்மா."

"இது மூணு நாள் கூலில வாங்கின கேமரா. மூணு நாள் கூலிக்கு எவ்வளவு உண்மை காட்டலாமோ அவ்வளவுதான் காட்டணும். அதுக்கு மேல காட்டினா அது விலையை ஏமாத்துது. முப்பது நாள் கூலி குடுத்து வாங்கறவங்க வயித்துல அடிக்குது. தரம் குறைஞ்சுதுன்னு இதை நிராகரிக்க வேண்டாம். தரம் கூடிடுச்சு, அதைக் கழிச்சுட்டுச் சான்று குடுத்துடலாம்."

தலைவர் முகத்தில் பொழுது விடிந்தது. "பாருங்க தம்பி, வாரியம் யாரையும் வெறுங்கையோட அனுப்பறதில்ல. உங்க கேமரா சரியானதுதான். இந்த விலைக்குக் கொஞ்சம் அதிகமாவே சரியா இருக்கு. அவ்வளவுதான். அந்தப் படத்தை மட்டும் அழிச்சுடுங்க."

எந்தப் பொத்தானை அழுத்தினால் படம் அழியும் என்று மூன்று பேரும் கேமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். கேமராத் தரமதிப்பு வாரியத்தின் ஏழாம் மாடியில் அது யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. புதுசுதான் வாங்கி, கண்டுபிடித்து, விரலை வைத்தான். வைத்துவிட்டு மாதிரி முகத்தைப் பார்த்தான். மகள் போனைக் கவிழ்த்து உலுக்கிய சத்தம் காதுக்குள் கேட்டது. அழுத்திவிட்டான்.

*

தரக் கழிவுப் பிரிவு கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்தது. வாரியத்திலேயே சுறுசுறுப்பான பிரிவு அதுதான். வரிசையில் பதினேழு பேர். முன்கூட்டியே தெரிந்திருந்தால் நேராக இங்கேயே வந்திருக்கலாமே என்று அவனுக்கு முன்னால் நின்றவர் முணுமுணுத்தார்.

மேசையில் பஞ்சும் களிம்பும் வைத்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். அந்தக் கட்டடத்தில் கேமராவைப் பிடிக்கத் தெரிந்த ஒரே ஆள். லென்ஸில் கைபடாமல் ஓரத்தைப் பிடித்து வாங்கினார்.

"எவ்வளவு கழிக்கணும்?" சீட்டைப் படித்தார். "நூத்துக்கு நாப்பது பங்கா? பாவிங்க." லென்ஸில் வாயால் ஊதி, களிம்பைத் தொட்டு, உள்ளிருந்து வெளியே வட்டம் வட்டமாகத் தடவினார். உலர விட்டார். இன்னொரு பூச்சு. தன் கையையே ஒரு படம் எடுத்துப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். "அஞ்சு விரலா நாலு விரலான்னு தெரியுதா?"

"தெரியலண்ணே."

"வேலை சுத்தமா இருக்கா?"

"இருக்குண்ணே."

"இதைத் துடைச்சா சான்று செல்லாது. ஞாபகம் வச்சுக்க."

மறுநாள் காலை, வெளிச்சம் வந்ததும் புதுசு அறையை நாலு படம் எடுத்தான். எடுத்ததைப் பார்த்தான். எங்கும் ஒரே பனிமூட்டம். கட்டில் நடுக்கடல் தீவு மாதிரி மிதந்தது. கை நீட்டினால் தட்டுப்படும் சுவர் எங்கோ தொலைவில் கரைந்து போயிருந்தது. கதவு அடிவானத்தில் ஒரு நிழல். ஜன்னல் இருந்த இடத்தில் ஏதோ விடிகிற மாதிரி வெளிச்சம். இதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் மூஞ்சியில் விட்டெறிவார்கள். ஆனால் கடைசித் தேதி நாளைக்கு. கழுவித் துடைத்தால் சான்று போய்விடும். அச்சுப் போட்டு எடுத்துக்கொண்டு ஓடினான்.

குடும்ப அனுமதி அலுவலர் நாலு படங்களையும் விசிறி மாதிரி விரித்து வைத்துப் பார்த்தார்.

"சுவர் எங்க?"

"இருக்கு சார். பின்னாடி."

"எவ்வளவு தூரத்துல?"

"படத்துல தெரியற தூரம்தான் சார்."

அலுவலர் சான்றை எடுத்து முத்திரையைத் தடவிப் பார்த்தார். "சான்று பெற்ற கேமரா. அப்போ படம் தப்பா இருக்க முடியாது. சுவர் தெரியலன்னா அது அவ்வளவு தூரத்துல இருக்குன்னுதான் அர்த்தம்." படிவத்தில், 'அறையின் எல்லை கண்ணுக்கெட்டவில்லை' என்று எழுதினார். பிறகு நிமிர்ந்து, கொஞ்சம் கோபமாகவே கேட்டார்: "இவ்வளவு இடத்தை வச்சுக்கிட்டு ரெண்டு பேரைத்தான் கேட்டிருக்கீங்க?"

"மனைவி, மக சார்."

"இடத்தை வீணடிக்கறோம்னு எங்களைத்தான் மேல கேப்பாங்க. மனைவியோட அம்மா இருக்காங்களா? தம்பி? சரி, நாலு பேருக்கும் போட்டிருக்கேன். கடிதம் இன்னிக்கே ஈமெயில்ல நேரா ஊர்ல உங்க வீட்டுக்குப் போயிடும்."

*

கடிதம் அவனைவிட வேகமாகப் போய்விட்டது. அவன் அறைக்குத் திரும்பிச் சட்டையைக் கழற்றுவதற்குள் மனைவி கூப்பிட்டாள்.

"ஏங்க, வந்துடுச்சுங்க! கெடைச்சுடுச்சு!" பின்னால் ஒரே இரைச்சல். "நாலு பேருக்குப் போட்டிருக்கு. அம்மா பரண்லேருந்து பெட்டிய இறக்கிட்டாங்க. தம்பி வேலையை விடறேங்கறான். அங்க வந்து ஹால்ல ஒரு மூலைல படுத்துக்குவானாம்."

புதுசு கட்டிலில் உட்கார்ந்தான்.

"இரு. ஒண்ணு சொல்லணும். ரூம் அவ்வளவு..."

"அவ்வளவு?"

"நான் கட்டில்ல உக்காந்திருக்கேன். என் கால் எதிர்ச் சுவத்துல இருக்கு."

அவள் இரைச்சலைவிட்டு வெளியே வரும் காலடிச் சத்தம் கேட்டது. ஒரு கதவு சாத்தப்பட்டது.

"ஏங்க, மூணு வருஷமா வீடியோல உங்களைப் பாக்கறேன். உங்க தலைக்குப் பின்னாடி ஒரு நீலச் சட்டை தொங்குது. நீங்க கட்டில்ல இருந்தாலும் அந்தச் சட்டை. அடுப்புகிட்ட நின்னாலும் அதே சட்டை. கதவுகிட்ட போனாலும் அது கூடவே வருது. ஹால்ல எந்த மூலைக்குப் போனாலும் ஒரே சட்டை எப்படிங்க தொங்கும்?"

"அப்போ தெரியுமா உனக்கு?"

"ரெண்டாவது வாரமே தெரியும். நீங்களா சொல்லட்டும்னு இருந்தேன். நீங்க சொல்ற மாதிரி தெரியல. சரி, அந்தப் பொய்யிலயாவது நல்லா இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

"அம்மாகிட்ட என்ன சொல்றது?"

"அம்மாவையும் தம்பியையும் நான் சமாளிச்சுக்கறேன். நானும் பாப்பாவும் மட்டும் வர்றோம். கால் நீட்ட எடம் இல்லன்னா மடக்கிக்குவோம். அதுக்கென்ன இப்போ?" கொஞ்சம் நிறுத்தினாள். "ஆனா அந்த நாலு போட்டோவையும் எனக்கு அனுப்பிடுங்க."

"அதுலதான் ஒண்ணுமே தெரியாதே!"

"அதுக்குத்தான் கேக்கறேன். உங்க அக்கா, எங்க சித்தி, எதிர்வீட்டுக்காரங்க எல்லாருக்கும் காட்ட வேணாமா? சும்மாவா, சர்க்கார் சான்று குடுத்த ஹாலுங்க."

அனுப்பினான். அவள் யார் யாருக்கு அனுப்பினாளோ, கால் மணி நேரத்தில் அவனுடைய அக்காவிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. கதவோரம் நின்று, ஒலியைக் குறைத்து வைத்துக் கேட்டான்.

"ஏன்டா, இவ்வளவு பெரிய எடத்துலயா இத்தனை வருஷமா நீ ஒத்தையா கெடந்தே? பயமா இல்லியாடா உனக்கு?"